எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி...

இந்த ஆண்டு மலருக்கு வீட்டு அலங்காரம் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் கிளாசில் ஒரே சிரிப்பு. "மெக்கானிக்கல்காரனுக்கு எதுக்குடா இந்த வேலை? கோலம் போடுறது எப்படின்னும் எழுதேன்!" என்றார்கள். சிரிக்கட்டும். பழைய பாத்திரம், பழைய ரேடியோ, மரப்பெட்டி, தாத்தா பாட்டி போட்டோ இதையெல்லாம் வைத்து வீட்டை அழகு பண்ணுவது இப்போது பணக்காரர்கள் பழக்கம் ஆகிவிட்டது. ஆனால் அது என்ன உலோகம், எவ்வளவு எடை, எதனால் கெடும் என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த வேலை சரியாக வரும். அது நம்ம சிலபஸ்!

பொருளுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். பரண் மேல் ஏறிப் பாருங்கள். அடுப்புக்கரி படிந்த அண்டா, மூடி தொலைந்த கூஜா, அரிசி அளந்த படி, தகர டிரங்குப் பெட்டி, பாக்குவெட்டி என்று ஏதாவது ஒன்று கண்டிப்பாக இருக்கும். மற்றதெல்லாம் எங்கே போச்சு? எவர்சில்வர் வந்தபோது பாத்திரக் கடைக்குப் போனது. பித்தளையை எடை போட்டு, சேதாரம் கழித்து, பளபளவென்று புதுசு கொடுத்தார்கள். அதற்குத் தப்பியது இப்போது, வீடு மாறும்போதும் பாகம் பிரிக்கும்போதும், பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

பாலக்கரையில் எங்கள் தெருப் பக்கம் உள்ள ஒரு கடையில் ஒருநாள் நின்று பார்த்தேன். தராசில் ஒரு பித்தளைக் குடம். கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஏதோ எழுத்து.

"அண்ணே, இதுல பேரு வெட்டியிருக்கு போல?"

"இருக்கும் தம்பி. பேரு இருந்தா என்ன, எடையில ஏறவா போவுது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவர் வியாபாரம் உலோகம். ஆனால் நம் வீட்டில் இருந்து அது கிளம்பும் முன்னால் அந்தப் பெயரை யாராவது படித்திருக்க வேண்டும் இல்லையா?

நம்ம பக்கம் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். சின்ன உளியும் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாக அடிப்பார்கள். பிறகு மின்சார மெஷின் வந்தது. பெண்ணின் பெயர், அப்பா இனிஷியல், சில சமயம் ஊர், வருஷம் எல்லாம் இருக்கும். எங்க அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை. அவர்கள் பெயரில் பட்டா இல்லை, பத்திரம் இல்லை, மார்க் ஷீட் இல்லை. ரேஷன் கார்டில் இருந்த பெயரும் தப்பு. அவர்கள் பெயர் சரியாக எழுதப்பட்ட ஒரே இடம் எங்கள் வீட்டு அண்டாவின் விளிம்புதான். அதற்கு எந்தத் தராசில் விலை போடுவது?

அதனால் முதல் வேலை, பரணில் இருப்பதை இறக்கி, ஈரத் துணியால் துடைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டிப் பார்ப்பது. நேராக டார்ச் அடித்தால் எழுத்து தெரியாது. சாய்த்து அடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து பளிச்சென்று தெரியும்.

அடுத்தது, எது என்ன என்று கண்டுபிடிப்பது. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். வெண்கலப் பானையில் சுமார் நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு ஈயம் இருக்கும். விரலால் சுண்டினால் வெண்கலம் நீண்ட நேரம் ரீங்காரம் போடும். 'வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல' என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் அதே குணத்தால் அது கீழே விழுந்தால் கீறல் விடும். பித்தளை நசுங்கும், தட்டி எடுக்கலாம். வெண்கலத்தில் கீறல் விட்டால் ஓசையும் போச்சு, பானையும் போச்சு. எனவே வெண்கலத்தை உயரத்தில் வைக்காதீர்கள்.

சுத்தம் பண்ணுவதில்தான் நம்ம ஆட்கள் கொலை செய்கிறார்கள். ஒர்க்ஷாப் பழக்கத்தில் எமரி பேப்பரை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தால் பாத்திரம் மின்னும், பெயர் அழியும். புளி போதும். புளியில் இருக்கிற அமிலம் மேலே படிந்த ஆக்ஸைடைக் கரைக்கும், உலோகத்தைச் சுரண்டாது. தேய்த்ததும் நன்றாகக் கழுவி, உடனே துணியால் ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பச்சைக் களிம்பு ஏறும். விளக்கை வாராவாரம் தேய்க்கலாம். அலங்காரத்துக்கு வைத்த குடத்துக்கு அது தேவையில்லை. அந்தப் பழுப்பு நிறம் அழுக்கல்ல, உலோகம் தானே போட்டுக்கொண்ட சட்டை. (சமைக்க வேண்டும் என்றால் கதை வேறு. உள்ளே ஈயம் பூசாமல் பித்தளையில் புளிக்குழம்பு கூடாது.)

எங்கே வைப்பது? பாலக்கரையில் பாதிப் பேர் குடியிருப்பது வாடகை வீட்டில். ஆணி அடித்தால் ஹவுஸ் ஓனர் மேலே வந்துவிடுவார்! சுவரும் நாலரை அங்குலம்தான். அதில் ஆறு கிலோ பித்தளைத் தாம்பாளத்தைத் தொங்கவிட்டால் பூச்சோடு கையில் வரும். தரையிலும் அலமாரியிலும் ஜன்னல் திண்டிலும் வைக்கப் பாருங்கள். உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவது இப்போது ஃபேஷன். பத்து லிட்டர் தண்ணீர் பத்து கிலோ. உருளி எடை தனி. இதை ஈர்க்குச்சிக் கால் டீப்பாய் மேல் வைக்கலாமா? சிவில் நண்பர்களே, நீங்களே சொல்லுங்கள். ஆட்டுக்கல்லைப் பால்கனி ஓரத்தில் பூந்தொட்டியாக வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. கேண்டிலீவர் நுனியில் பாயிண்ட் லோடு... எக்ஸாமில் கூட இப்படிக் கேட்க மாட்டார்கள்!

என்னைக் கேட்டால், உபயோகத்தில் இருப்பதுதான் நல்ல அலங்காரம். 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்து, பிறகு கிலோவும் லிட்டரும் பழகியதில் படியும் உழக்கும் வேலை இழந்தன. எங்கள் வீட்டு அரைப்படி இப்போது என் டிராயிங் பென்சில்களுக்குச் சொந்தம். டிரங்குப் பெட்டி மேல் மெத்தை போட்டால் இரண்டு பேர் உட்காரலாம். அஞ்சறைப்பெட்டியில் ரெசிஸ்டர் போட்டு வைத்திருக்கிற எலெக்ட்ரானிக்ஸ் நண்பன் ஒருவன் இருக்கிறான், அவன் அம்மாதான் பாவம்.

ரேடியோ விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. திருச்சி வானொலி 1939 மே 16-ல் தொடங்கியது. அதனால் நம்ம ஊர்ப் பழைய வீடுகளில் வால்வு ரேடியோ கிடைப்பது ஆச்சரியமில்லை. கிடைத்ததும் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். பல வருஷம் சும்மா கிடந்ததில் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கும், ஒயர் இன்சுலேஷன் பொடிந்திருக்கும். சீரிஸ் லாம்ப் போட்டுச் சோதியுங்கள். பல்பு முழுப் பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும், கை வைக்காதீர்கள். சிலர் உள்ளே இருப்பதை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் மாட்டுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பாடாவிட்டால் பாடாமலே இருக்கட்டும்.

வீட்டில் எதுவும் இல்லாதவர்கள் விலைக்கு வாங்கலாம். அதற்குப் பேர்போன இடம் காரைக்குடி, திருச்சியில் இருந்து சுமார் 90 கிலோமீட்டர். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பர்மாத் தேக்குக் கதவு, தூண், ஸ்வீடன் இனாமல் தூக்கு, ரவிவர்மா அச்சுப்படம் எல்லாம் கிடைக்கும். இதெல்லாம் எப்படித் தெருவுக்கு வந்தது என்பதுதான் சோகம். பர்மாவில் தொழில் செய்து கட்டிய நகரத்தார் வீடுகள் அவை. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்த தொழில் ஆட்டம் கண்டது. பிறகு ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். பராமரிக்க முடியாத வீடுகளைப் பிரித்துக் கதவு வேறு, தூண் வேறாக விற்றார்கள். அப்படிப் பிரித்த ஒரு செட்டிநாட்டு வீட்டைத் திரும்ப நிறுத்தி வைத்திருக்கிறார்கள், சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில். போய்ப் பாருங்கள். கடையில் வாங்கும் தூணும் அழகுதான். ஆனால் அதில் சாய்ந்து உட்கார்ந்தவர் யார் என்று கடைக்காரருக்கும் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் நம் வீட்டு நசுங்கின கூஜா ஒரு படி மேல்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஐம்பொன் சிலை, கற்சிலை, ஓலைச்சுவடி என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். 1972-ம் வருஷச் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள். முக்கியமான சுவடி என்றால் 75 ஆண்டே போதும். விற்க லைசென்ஸ் வேண்டும், சிலை வைத்திருக்கப் பதிவு வேண்டும். பக்கத்து அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் நடராஜர் திருடுபோய் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் வரை போய், 2014-ல்தான் திரும்பி வந்தார். அங்கேயே அந்தப் பாடு!

கடைசியாக போட்டோ. பழைய வீடுகளில் படத்தை உயரத்தில் மாட்டி முன்பக்கம் சாய்த்திருப்பார்கள். தரையில் உட்காருகிறவர் பார்க்க வேண்டும், கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கக் கூடாது, அதற்குத்தான். வெயில் படும் சுவரும் மழை ஒழுகும் சுவரும் வேண்டாம். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மெல்லிய அட்டைச் சட்டம் ஒன்று இடைவெளிக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், முகமே உரிந்து வரும். கண்ணாடியோடு சேர்த்தே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பால் பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். இடமிருந்து வலமாக எழுதுங்கள். குழந்தைகள் பெயரையும் விடாதீர்கள்.