மூனிக் முதல் ஓசூர் வரை

ஆனேக்கல்லிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். அங்குள்ள டிவிஎஸ் ஆலையோடு 2013இல் கைகோத்து மோட்டார் சைக்கிள் தயாரிக்க முன்வந்தது ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ.

1916இல் மூனிக் நகரில் விமான எஞ்சின்களோடு தொடங்கியது இந்நிறுவனம். முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை அத்தொழிலைத் தடுக்கவே, 1923இல் மோட்டார் சைக்கிளுக்கும், 1928இல் ஐசனாக் ஆலையை வாங்கிக் காருக்கும் திரும்பியது. 2007 முதல் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் அதன் கார்கள் உருவாகின்றன. பயணிப்பவரைவிட ஓட்டுபவரை மனத்திற்கொண்டு வடிவமைப்பதே அதன் ஈர்ப்பு.

நிலம் விற்ற தொகை கைக்கு வந்ததும் இத்தகைய காரை நாடுவோர் நம் வட்டாரத்தில் உண்டு. அந்த ஆசையை நாங்கள் குறை கூறவில்லை. கணக்கை மட்டும் முன்வைக்கிறோம். 50 இலட்சம் ரூபாயை 9% வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 80,450 ரூபாய். வட்டி மட்டும் 17.5 இலட்சத்துக்கு மேல். காப்பீட்டுக் கணக்கிலோ நான்காண்டு கடந்த காரின் மதிப்பு பாதியாகிவிடும்.

விற்ற நிலம் திரும்பி வராது. ஆகவே அத்தொகையில் பெரும்பகுதியை வைப்பில் இட்டு, மாத வருமானம் தாங்கும் தவணைக்குள் அடங்கும் காரைத் தேர்ந்தெடுங்கள். கையொப்பமிடுமுன் கிளைக்கு வாருங்கள், சேர்ந்தே கணக்கிடுவோம்.