இரும்போடு நைட்ரஜன் சேர்ந்தால் காந்தம் கூடுமா?

நாம் இழுக்கும் மூச்சுக்காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். இரும்போ, பழைய கடையில் கிலோக் கணக்கில் போடும் சரக்கு. இந்த இரண்டிலிருந்தும் வலுவான காந்தம் செய்யலாம் என்று செய்தி வரும்போது, "அது எப்படி?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? உருக்கிக் கலப்பது பலிக்காது. உருகிய இரும்பில் நைட்ரஜன் மிகக் கொஞ்சமே கரையும். ஆகவே மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். இந்த முறைக்கு ஸ்பட்டரிங் (அணுக்களைத் தெறிக்கவைத்துப் பூசுதல்) என்று பெயர். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கலத்துக்குள் இரும்புத் தட்டு இருக்கும். எதிரே கண்ணாடி அல்லது சிலிக்கான் வில்லை. கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு உயர் மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே ஊதா ஒளி எழும். ஆர்கான் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) கேரம் ஸ்ட்ரைக்கர் போலப் பாய்ந்து இரும்பில் மோத, தெறிக்கும் இரும்பணுக்கள் வில்லையில் போய்ப் படியும். ஆர்கானோடு நைட்ரஜனையும் விட்டால் அதுவும் கூடவே படியும்.

எவ்வளவு நைட்ரஜன் விடலாம்? எல்லாமே இந்த அளவில்தான் இருக்கிறது. கொஞ்சம் விட்டால் இரும்பின் படிகத் துகள்கள் பொடிப்பொடியாகிவிடும். காந்தத் திசையை எளிதில் திருப்பிவிடலாம். ஹார்டு டிஸ்க்கில் எழுதும் முனைக்கு வேண்டிய குணம் அதுதான். நான்கு இரும்புக்கு ஒரு நைட்ரஜன் என்றானால், கனசதுர மூலைகளிலும் முகங்களிலும் இரும்பும், நட்டநடுவே நைட்ரஜனும் அமரும். அதன் காந்தச் செறிவு சுமார் 1.8 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு). தூய இரும்பின் 2.15-ஐவிடக் குறைவு. ஒன்றுக்கு ஒன்று என்றாகும்வரை விட்டால் காந்தத்தன்மையே போய்விடும்.

அப்படியானால் கூடுவது எங்கே? எட்டு இரும்புக்கு ஒரு நைட்ரஜன் என்ற அமைப்பில். 1951-ல் கே. எச். ஜாக் இதன் படிக அமைப்பை விளக்கினார். நைட்ரஜன் இடுக்கில் நுழைந்து கனசதுரத்தை ஒரு பக்கமாக நீட்டுகிறது. இரும்பணுக்கள் சற்று விலகுகின்றன. அந்த விலகலால் அவற்றின் காந்தத்தன்மை ஏறுகிறது. 1972-ல் கிம், தகாஹாஷி இருவரும் நைட்ரஜன் சூழலில் இரும்பை ஆவியாக்கிப் படியவைத்த படலத்தில் ஏறத்தாழ 2.6 டெஸ்லா கண்டதாக எழுதினார்கள். பிறகு ஸ்பட்டரிங்கில் முயன்ற பலருக்கு இரும்பைவிடச் சற்றே கூடுதலாகத்தான் கிடைத்தது.

ஏன் இந்த முரண்பாடு? ஒரு காரணம், படலத்தில் பல அமைப்புகள் கலந்தே வளரும். இன்னொன்று அளவீடு, இதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். கருவி காட்டுவது படலத்தின் மொத்தக் காந்தத்தை. அதைக் கன அளவால் வகுத்தால்தான் செறிவு வரும். படலத்தின் உண்மையான தடிமன் 30 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு 1 நானோமீட்டர்) என்று வையுங்கள். தவறாக 25 என்று அளந்தால், வெறும் இரும்பின் 2.15-கூடக் கணக்கில் 2.58 ஆகிவிடும்! ஆகவே பெரிய எண் கண்ணில் பட்டால், தடிமனை எப்படி அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

சரி, உங்களுக்கு இதனால் என்ன? மின்சார வண்டிகளின் மோட்டார்களில் பெரும்பாலும் நியோடிமியம் காந்தம் இருக்கிறது. அதற்கு வேண்டிய அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கும் வேலை பெரும்பாலும் சீனாவில் நடக்கிறது. அங்கே ஏற்றுமதி இறுகினால் இங்கே தொழிற்சாலை தடுமாறும். இரும்புக்கும் நைட்ரஜனுக்கும் அந்தக் கவலை இல்லை. நான் இந்த ஆய்வை ஆவலோடு பார்ப்பது அதனால்தான்.

உடனே மாற்றிவிடலாமா? முடியாது. எட்டுக்கு ஒன்று அமைப்பு சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதைந்து, இரும்பாகவும் அந்த நான்குக்கு ஒன்று அமைப்பாகவும் பிரிந்துவிடும். அதனால் காந்தப் பொடியை இறுக்கிக் கட்டியாக்க வழக்கமாகச் செய்வதுபோல் உயர் வெப்பத்தில் சுடவும் வழியில்லை. வில்லைமேல் இருக்கும் சில நானோமீட்டர் படலம் மோட்டாரைச் சுழற்றாது. கைநிறையக் கட்டி வேண்டும். அடுத்த முறை செய்தி வந்தால் மூன்றைத் தேடுங்கள்: அது படலமா கட்டியா, எத்தனை டிகிரி தாங்கும், எதிர்க்காந்தம் வந்தால் தன் காந்தத்தை விடாமல் வைத்திருக்குமா.