சுவரும் சட்டமும் – 9: இப்படிக்கு, திருப்பதி மக்கள்

2021 டிசம்பரில் திருப்பதியில் சில பிளெக்ஸ் பேனர்கள் முளைத்தன. தலைநகர் கேட்டு அமராவதி விவசாயிகள் நடந்தே வந்து ஊரை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். வாருங்கள், உங்களோடு எங்களுக்குச் சண்டை வேண்டாம், ஆனால் எங்களுக்கு மூன்று தலைநகரங்கள்தான் வேண்டும் என்பது பேனர்களின் சாரம். வைத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இப்படிக்குத் திருப்பதி மக்கள் என்று தெலுங்கில் போட்டிருந்தது.

காதுகுத்துக்கு அடிக்கும் பேனரிலேயே தாய்மாமன் தொடங்கி முப்பது பேர் பெயரைப் போடும் ஊர்கள் நம்முடையவை. அரசியல் பேனர் ஒன்றில் ஒருவர் பெயரும் இல்லையென்றால் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

சென்ற வாரம் பெசன்ட் நகர்க் கோலங்களைப் பற்றி எழுதியிருந்தேன். 2019 டிசம்பர் 29 அன்று குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக வாசலில் கோலம் போட்டவர்களையும் உடன் நின்றவர்களையும் சேர்த்து எட்டுப் பேரைச் சென்னைப் போலீஸ் பிடித்து வைத்தது. அவர்கள் பட்டப்பகலில், முகம் தெரிய, கோலமாவோடு தெருவில் நின்றவர்கள். பெயரை மறைத்தால்தான் எதிர்ப்புக் கலை என்றொரு நினைப்பு நமக்கு இருக்கிறது. யாரென்று காட்டிக்கொள்ளாமல் சுவரில் வரையும் பிரிஸ்டலின் பேங்ஸியும் கொச்சியின் ‘கெஸ்ஹூ’வும் மும்பையின் ‘டைலர்’ என்பவரும் அந்த நினைப்புக்குக் காரணம். திருப்பதி பேனர் அதைக் குழப்புகிறது. இங்கே பெயரை மறைத்தது யார்? அதிகாரத்துக்கு அஞ்சியவரா, அதிகாரத்துக்கு அருகில் இருந்தவரா?

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பர் 17 அன்று சட்டமன்றத்தில் அன்றைய ஆந்திர முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி, மாநிலத்துக்கு ஒன்றுக்குப் பதில் மூன்று தலைநகரங்கள் என்ற யோசனையைச் சொன்னார். அமராவதிக்காக நிலம் கொடுத்திருந்த விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2021 நவம்பர் 1 அன்று துள்ளூரிலிருந்து ‘நீதிமன்றத்திலிருந்து தேவஸ்தானத்துக்கு’ என்று பெயரிட்ட பாதயாத்திரை கிளம்பியது. அவர்கள் வழியில் இருக்கும்போதே, நவம்பர் 22 அன்று, அந்த யோசனையிலிருந்து பிறந்த மூன்று தலைநகரச் சட்டத்தை அரசு திரும்பப் பெறுவதாக அறிவித்தது. இன்னும் நல்லதாக வேறொன்று கொண்டுவருவோம் என்று கூடவே சொன்னது. டிசம்பர் 14 அன்று யாத்திரை திருமலை அடிவாரமான அலிபிரியைத் தொட்டது. 17ஆம் தேதிப் பொதுக்கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதி மறுக்க, உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது.

கூட்டம் போட உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்த அதே ஊரில், அதே வாரத்தில், பெயரில்லாத பேனர்கள் நின்றன. பிளெக்ஸ் என்பது இரவோடு இரவாக ஒரு மாணவன் கரித்துண்டால் எழுதிவிட்டு ஓடும் விஷயமில்லை. வடிவமைக்க ஆள் வேண்டும், அச்சடிக்கப் பணம் வேண்டும், சவுக்குக் கம்பும் ஏணியும் ஏறத் தெரிந்த நாலு பேரும் வேண்டும். முக்கியமாக, கட்டிய பிறகு யாரும் வந்து கழற்றமாட்டார்கள் என்ற தைரியம் வேண்டும்.

அடுத்த ஆண்டு அதே விவசாயிகள் வடக்கே அரசவல்லிக்கு நடந்தபோது, 600 பேருக்கு மட்டும் அனுமதி, அவர்களிடமும் அடையாள அட்டை இருக்க வேண்டும் என்று நீதிமன்ற நிபந்தனை. 2022 அக்டோபரில் ராமச்சந்திரபுரத்தில் போலீஸ் அட்டையைக் காட்டச் சொல்ல, யாத்திரை அங்கேயே நின்றுபோனது. நடப்பவருக்கு அட்டை கட்டாயம். பேனருக்குப் பெயர்கூடத் தேவைப்படவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டுக்கு 1959லேயே திறந்தவெளி அலங்கோலத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆந்திரத்தின் சட்டம் 1997ஆம் ஆண்டினது. அதன் முழுப்பெயர் ஒரே மூச்சில் சொல்லி முடியாது. சுவரை அசிங்கப்படுத்துவதையும் ஆபாசச் சுவரொட்டியையும் ஒரே தலைப்பில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். சினிமா போஸ்டரும் அரசியல் வாசகமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இதுபோக, 1867இல் வெள்ளைக்காரன் போட்ட அச்சகச் சட்டப்படி, அது 2024இல் விலக்கப்படும் வரை, அச்சடித்த தாள் எதுவானாலும் அச்சகத்தின் பெயர் இருந்தாக வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் டெல்லியில் மோடியை அகற்றுவோம் என்ற சுவரொட்டிகள் ஒட்டப்பட்டபோது, போலீஸ் தூசி தட்டி எடுத்தது இதைத்தான். நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள், ஆறு பேர் கைது. அதற்கு முந்தைய செப்டம்பரில் பெங்களூரில் அன்றைய கர்நாடக முதல்வர் பசவராஜ் பொம்மையின் முகத்தோடு கியூ.ஆர். கோடு போட்ட ‘பேசிஎம்’ சுவரொட்டிகளுக்கும் கைதுகள் நடந்தன. அங்கே எடுத்த ஆயுதம் கர்நாடகத்தின் 1981ஆம் ஆண்டு அலங்கோலச் சட்டம்.

சுவரின் அழகைப் பற்றி அரசுகள் இவ்வளவு கவலைப்படும்போது, அரசே சுவருக்கு என்ன செய்தது என்பதையும் பார்க்கலாம். ஜெகன் ஆட்சியில் ஆந்திரத்தின் கிராமப் பஞ்சாயத்துக் கட்டடங்கள் நீலம், பச்சை, வெள்ளை என ஆளுங்கட்சிக் கொடியின் வண்ணத்துக்கு மாறின. 2020 மார்ச்சில் அழிக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். அரசு மூன்று வண்ணத்தையும் வைத்துக்கொண்டு அடியில் செம்மண் பட்டை ஒன்றைச் சேர்த்து, இது கட்சி வண்ணமல்ல என்று புது ஆணை போட்டது. மே மாதம் அதையும் நீதிமன்றம் தள்ளியது. ஜூனில் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. எனக்கு அந்தச் செம்மண் பட்டைமேல் ஒரு தனி மரியாதை. சட்டத்தை ஏமாற்ற இவ்வளவு மலிவான வழி வேறு யாருக்கும் தோன்றியதில்லை.

2023 ஏப்ரலில் ஆளுங்கட்சியினர் வீட்டு வாசல்களுக்கே வந்தார்கள்: ஜெகன்மீதுதான் எங்கள் நம்பிக்கை என்று ஸ்டிக்கர். அதில் ஒன்றை ஒரு தெருநாய் பல்லால் கிழிக்கும் வீடியோ பரவியது. விஜயவாடாவில் எதிர்க்கட்சிப் பெண்கள் சிலர் போலீசிடம் போய், நாயின்மீது நடவடிக்கை எடுங்கள் என்று கேலியாகப் புகார் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஆந்திரத்தில் பெயர் வெளியே தெரியாமல் தப்பித்த ஒரே விமர்சகர் அதுதான் என்று நினைக்கிறேன்.

சுவரிலிருந்து சாலைக்கு வருவோம். 2022 டிசம்பர் 28 அன்று கந்துகூரில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சந்திரபாபு நாயுடுவின் கூட்டத்தில் நெரிசலில் எட்டுப் பேர் இறந்தார்கள். புத்தாண்டு தினத்தில் குண்டூரில் மேலும் மூவர். மறுநாளே, 2023 ஜனவரி 2 தேதியிட்டு, அரசாணை எண் 1 வந்தது. நெடுஞ்சாலை, ஊராட்சிச் சாலை எதிலும் பொதுக்கூட்டம் கூடாது. மிக அபூர்வமான சூழலில் மட்டும் அனுமதி. ஆதாரமாகக் காட்டியது 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 30ஆவது பிரிவு. சிப்பாய்க் கலகம் அடங்கிய கையோடு எழுதிய சட்டம் அது.

ஆணையின் முதல் அடி சித்தூர் மாவட்டத்தில்தான் விழுந்தது. ஜனவரி 4 அன்று தன் சொந்தத் தொகுதியான குப்பத்துக்கு வந்த நாயுடுவைப் போலீஸ் மறித்தது. 1989 முதல் அவரைத் தேர்ந்தெடுத்துவரும் தொகுதி. தெலுங்கோடு தமிழும் கன்னடமும் கலந்து பேசும் எல்லைப்புறம். பிரசார வேனுக்கு அனுமதியில்லை, தொண்டர்கள்மேல் தடியடி, அவர் சாலையில் உட்கார்ந்தார். ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் ஆணையை நிறுத்திவைத்தது. வழக்குத் தொடுத்தவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ராமகிருஷ்ணா. மே 12 அன்று ஆணை அடியோடு ரத்து. நெரிசலில் போன உயிர்களுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி ரத்தாகவில்லை. அதை விட்டுவிட்டு அரசாணையை மட்டும் திட்டுவதும் நியாயமாகாது. ஆனால் நெரிசலைத் தடுப்பது வேறு, கூட்டத்தையே தடுப்பது வேறு.

இடையில், ஜனவரி 27 அன்று நாயுடுவின் மகன் லோகேஷ் குப்பத்திலிருந்து நடக்கத் தொடங்கினார். சித்தூர் மாவட்டத்தைத் தாண்டுவதற்குள் வழக்குகள், வேன் பறிமுதல், மைக் பறிமுதல். ஸ்டூல் போட்டு ஏறிப் பேசினார். போலீஸ் ஸ்டூலுக்கும் கை வைத்தது. பங்காருபாளையத்தில் தள்ளுமுள்ளு.

அந்த ஊரின் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் ஆட்சி மாறி நாயுடு முதல்வரானார். 2025 ஜூலை 9 அன்று விலையில்லாமல் தவித்த தோத்தாபுரி மா விவசாயிகளைப் பார்க்க ஜெகன் வந்ததும் அதே பங்காருபாளையம் மார்க்கெட் யார்டுக்குத்தான். இப்போது போலீஸ் நிபந்தனை: யார்டில் 500 பேர், ஹெலிபேடில் 30 பேர். ஆணை எண் 1 செத்துப்போனாலும் 30ஆவது பிரிவு சாகவில்லை. மாதக்கணக்கில் அமலில் இருப்பதாகப் போலீஸ் அறிவிப்பது சித்தூர், திருப்பதி இரு மாவட்டங்களுக்கும் பழக்கப்பட்ட செய்தி. நாயுடுவை நிறுத்தியபோது கொதித்தவர்கள் இப்போது ஒழுங்கு பற்றிப் பேசினார்கள். ஒழுங்கு பற்றிப் பேசியவர்கள் இப்போது ஜனநாயகம் என்றார்கள்.

லண்டனில் இதே கதைக்குச் சித்திரம் உண்டு. 2025 ஜூலையில் ‘பாலஸ்தீன் ஆக்‌ஷன்’ அமைப்பைப் பிரிட்டன் அரசு பயங்கரவாதச் சட்டத்தில் தடை செய்தது. செப்டம்பர் 6 அன்று அதற்கு ஆதரவாக அட்டை பிடித்து உட்கார்ந்த நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். இரண்டே நாளில் நீதிமன்றக் கட்டடச் சுவரில் பேங்ஸியின் ஓவியம்: விக் வைத்த நீதிபதி கீழே கிடக்கும் போராட்டக்காரரைச் சுத்தியலால் அடிக்கிறார், அட்டையில் ரத்தம். உடனே மறைத்தார்கள், பிறகு சுரண்டினார்கள். பாரம்பரியக் கட்டடமாம். அட்டை பிடித்தவர்கள் பெயரோடும் வயதோடும் வழக்கில் சிக்கினார்கள், வரைந்தவருக்குப் பெயரில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று அதிகம் பணயம் வைத்தவர்கள் அட்டைக்காரர்கள்தான் என்பது என் கட்சி.

திருப்பதிக்குத் திரும்பினால், மலைக்கு மேலே வேறு விதி. 2024 நவம்பர் 18 அன்று திருமலையில் அரசியல் பேசத் தடை விதித்துத் தேவஸ்தான அறங்காவலர் குழு தீர்மானம் போட்டது. மீறினால் சட்ட நடவடிக்கை. சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் மைக்கைப் பார்த்து எதிர்க்கட்சியைத் திட்டும் வழக்கத்தைச் சகிக்காத பக்தர்கள் இதை வரவேற்பார்கள், நானும் ஓரளவுக்கு. அதனால் அரசியல் முழுக்க அடிவாரத்துக்கு, திருப்பதித் தெருக்களுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே 30ஆவது பிரிவு காத்திருக்கிறது.

பங்காருபாளையத்தில் ஜெகன் வந்த அன்று டிராக்டர்களில் கொண்டுவந்த மாம்பழங்கள் சாலையில் கொட்டப்பட்டன. கிலோவுக்கு 12 ரூபாய், அதில் கூழ் ஆலைகள் 8, அரசு 4 என்று ஆட்சியாளர்கள் சொல்லியிருந்த விலை கைக்கு வரவில்லை என்பது விவசாயிகளின் முறையீடு. கொட்டியவர்கள் விவசாயிகள் என்றது ஒரு கட்சி. படத்துக்காகக் கட்சிக்காரர்கள் கொட்டியது என்றது இன்னொன்று. போலீஸ் வழக்குப் பதிந்து, கொட்டியவர்களின் பெயரைத் தேடத் தொடங்கியது.

(தொடரும்)