வரைவுக்குப் பின் வரும் வினா

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், செப்பமாகத் தோன்றும் வரைவைப் பெறுவது தொடர்புத்துறை மாணவர்க்கு எளிதாயிற்று. எனவே, வரைவைத் திருத்துவதினும் மாணவரை வினவிச் சிந்திக்கச் செய்யும் பயிற்றுவிப்பே இன்று ஆசிரியரின் முதற்பணியாகும்.

முதியோருக்கான மருத்துவ அறிவிப்பொன்றை மாணவர் கருவியால் எழுதிக் கொணர்ந்தால், "இதை உங்கள் பாட்டியிடம் படித்துக் காட்டினால் எந்தச் சொல்லில் தடுமாறுவார்? அவருக்கு எப்படி விளக்குவீர்கள்?" என வினவலாம். விடையை மாணவரே தேடட்டும்.

ஆசிரியர் உரைப்பதைக் கேட்பதால் காற்பங்கும், உடன்பயில்வோருடன் பழகுவதால் காற்பங்கும், பிறர்க்கு விளக்குவதால் எஞ்சிய அரைப்பங்கும் புலமை நிரம்பும் என்கிறது நன்னூல். கருவியிடம் வரைவைப் பெற்று அமைபவர் அவ்வரைப்பங்கை இழக்கிறார். ஆதலின், மதிப்பெண்ணிலும் பாதியை வாய்மொழி விளக்கத்திற்கு ஒதுக்குதல் தகும்.