கண்ணில் படும் கருவிக்குத் துரு ஏறாது

உப்புக்காற்று வீசும் வட சென்னையில் ஒரு வீட்டுக்கு என்னென்ன கைக்கருவிகள் வேண்டும்? அவற்றை எங்கே, எப்படி வைத்துக் காப்பாற்றுவது?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் கொட்டிய மழை வடிந்து, வீட்டைக் கழுவி, பாயையும் துணியையும் காயவைத்து முடிக்கவே பத்து நாளானது. அதற்குப் பிறகுதான் கட்டிலுக்கு அடியில் இருந்த அப்பாவின் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. இழுத்தபோது தரையில் செம்பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. கொக்கி இறுகிப் போயிருந்தது. தட்டித் திறந்தால், உள்ளே செங்கல் நிறத்தில் ஒரே கட்டி. எட்டு ஸ்பேனரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கட்டிங் பிளையர் வாயைத் திறக்கவில்லை. அரத்தைத் தூக்கினால் பல் இருந்த இடம் பொருக்காக உதிர்ந்தது.

திருவொற்றியூரில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த மனிதரின் கருவிகள் அவை. சம்பள நாளுக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்தது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

இரண்டு வீடு தள்ளி வெல்டிங் வேலை செய்கிற அண்ணன் வீடு. அங்கேயும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் அவருடைய கருவிகள் சுவரில், நெஞ்சளவு உயரத்தில், ஒரு பலகையில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தன. லேசாகப் பழுப்பு படிந்திருந்ததை மண்ணெண்ணெய்த் துணியால் ஒரே காலையில் துடைத்து முடித்துவிட்டார்.

அதைப் பார்த்துவிட்டு வந்து அப்பா சொன்னார்: “பத்திரமா இருக்கட்டும்னு பெட்டில போட்டு மூடினேன் பாரு, அங்கதான் தப்பு பண்ணிட்டேன். கண்ணுல பட்டிருந்தா ரெண்டாம் நாளே துடைச்சிருப்பேன்டா.”

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான். கடலோரத்தில் கருவியை ஒளித்துவைப்பது அதைப் பாதுகாப்பது ஆகாது. குறைவாக வாங்குவோம், வாங்கியது எல்லாம் கண்ணில் படும்படி மாட்டுவோம்.

பட்டறைகளின் ஊர்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கியது. என்ஃபீல்டு புல்லட் பல பத்தாண்டுகள் திருவொற்றியூரில் உருவானது. எண்ணூரில் அசோக் லேலண்ட். தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயர் இன்று மெட்ரோ நிலையத்தின் பெயராகவும் இருக்கிறது. ஃபிட்டர், டர்னர், வெல்டர், மெக்கானிக் என்று யாராவது ஒருவர் இல்லாத தெரு இந்தப் பக்கம் அபூர்வம்.

கருவியை எப்படி வைக்க வேண்டும் என்பதை இந்தப் பட்டறைகளே சொல்லிக்கொடுத்திருக்கின்றன. அப்பா வேலை செய்த இடத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் போட்ட பித்தளை டோக்கன்கள் உண்டு. டூல் ரூம் ஜன்னலில் ஒரு டோக்கனைக் கொடுத்தால்தான் ஒரு கருவி கைக்கு வரும். கருவி தொங்கிய ஆணியில் டோக்கன் தொங்கும். ஷிஃப்ட் முடியும்போது பொறுப்பாளர் சுவரை ஒரு முறை பார்த்தால் போதும், எது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஜப்பானியர்களின் ‘ஃபைவ் எஸ்’ முறை நம் தொழிற்சாலைகளுக்கு வந்தபோது, பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்துவைக்கும் ‘ஷேடோ போர்டு’ம் கூடவே வந்தது. டோக்கன் சுவரும் ஷேடோ போர்டும் செய்வது ஒரே வேலைதான். இல்லாத கருவியையும் கண்ணில் காட்டிவிடும்.

தொழிற்சாலையில் இந்த ஒழுங்கில் பழகியவர்கள்தான் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கொட்டி மூடினார்கள். காரணம் அலட்சியம் அல்ல, இடமின்மை.

உப்பு செய்யும் வேலை

ஐப்பசி மழையில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்காற்று கொண்டுவரும் உப்புத்துகள் ஸ்பேனர் மேல் படியும்போதும் இதுதான் நடக்கிறது. சென்னையில் பல நாள் விடியற்காலை ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டும். மழையே வேண்டாம், ஸ்பேனர் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் உருவாகி இரும்பை அரிக்கும். காற்றில் கந்தகப் புகையும் கலந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

மூடிய பெட்டிக்குள் ஈரம் ஒருமுறை புகுந்தால் எளிதில் வெளியே போகாது. கருவியைச் சுற்றிவைக்கிற செய்தித்தாளும் கோணியும் அந்த ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும். நம் உள்ளங்கை வியர்வையிலும் உப்பு இருக்கிறது. அதனால்தான் பழைய ஃபிட்டர்கள் வேலை முடிந்ததும் கருவியைத் துடைக்காமல் கீழே வைக்க மாட்டார்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று: மாடிப்படிக்கு அடியில் கருவிகளுக்குப் பக்கத்திலேயே கழிவறை ஆசிட் பாட்டிலும் பிளீச்சிங் பவுடரும் இருக்கும். அவற்றிலிருந்து கசியும் ஆவி, கடற்காற்றைவிட வேகமாகத் துருப்பிடிக்கவைக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படித்தான். முதல் வேலையாக அவற்றை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

எதை வாங்குவது?

பாரிமுனையில் செம்புதாஸ் தெருவுக்குள் நுழைந்தால் இரு பக்கமும் ஹார்டுவேர் கடைகள். 120 பீஸ் அடங்கிய பளபளக்கும் டூல் கிட் பெட்டிகள் கூப்பிடும். அவற்றில் பாதியை வாழ்நாளில் தொட மாட்டோம், தொடாதது துருப்பிடிக்கும். நான் போன கடையில் கல்லாவில் இருந்த பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “தம்பி, வீட்டுல என்ன வண்டி, என்ன மோட்டார்?” அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் ஸ்பேனர். இருசக்கர வாகனத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பெரும்பாலும் 8, 10, 12, 13, 14, 17 என்ற ஆறு அளவுகள் போதும். ஒரு முனை ரிங்காகவும் மறுமுனை திறந்தும் இருக்கும் காம்பினேஷன் வகையாகப் பாருங்கள். ரிங், போல்ட் தலையின் ஆறு மூலையையும் பிடிக்கும்; திறந்த முனை இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். இறுகிய போல்ட்டை ரிங்கால் அசைத்துவிட்டு, பிறகு திறந்த முனையால் கழற்றினால் மூலை மழுங்காது. ஸ்பேனரில் எழுதியிருப்பது போல்ட் தலையின் அகலம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10-ம் நம்பர் ஸ்பேனர்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதில் இங்கிலாந்து இஞ்ச் கணக்கு போல்ட்கள் இருக்கும். அந்தக் கணக்கைச் சேர்ந்த விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண், தலையின் அகலம் அல்ல; போல்ட் தண்டின் கனம். கிட்டத்தட்டப் பொருந்துகிற மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் வழுக்கும், தலை உருண்டையாகிவிடும். இந்தியா மெட்ரிக் முறைக்குச் சட்டம் போட்டது 1956-ல். நம் தச்சர்களும் பிளம்பர்களும் இன்றும் இஞ்சுக்கு எட்டு நூல் என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். அரை இஞ்ச் என்றால் நாலு நூல். இரண்டு கணக்கும் ஒரே பலகையில் இருந்தால் இஞ்ச் ஸ்பேனருக்குச் சிவப்பு பெயின்ட் அடையாளம் வைத்துவிடுங்கள்.

அடுத்து 8 இஞ்ச் கட்டிங் பிளையர். வெளிச்சத்துக்கு எதிரே வாயை மூடிப் பாருங்கள். வெட்டும் விளிம்பில் வெளிச்சம் ஊடுருவினால் வாங்காதீர்கள். அதன் கைப்பிடி உறை மின்சாரத்திலிருந்து காப்பாற்றும் என்று எல்லோரும் நம்புகிறோம். 1000 வோல்ட் என்ற எண்ணும் இரட்டை முக்கோணக் குறியும் இருந்தால்தான் அதற்குச் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலை.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவரில் 2-ம் நம்பர் முனைதான் வீட்டில் அதிகம் பயன்படும். கூடவே ஒரு பட்டை முனை, ஒரு டெஸ்டர், அரைக்கிலோ சுத்தியல், அலன் கீ வரிசை, 5 மீட்டர் டேப், ரசமட்டம், 14 இஞ்ச் பைப் ரிஞ்ச்.

ஆக்ஸா பிளேடை பல் முன்னோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். வெட்டும் பொருளின் கனத்தில் எப்போதும் மூன்று பல்லாவது உட்கார வேண்டும். இல்லையென்றால் பல் தெறிக்கும். மெல்லிய பைப்புக்கு இஞ்சுக்கு 32 பல் உள்ள பிளேடு சரியாக இருக்கும். ஐடிஐ-யில் ஃபிட்டர் படிக்கச் சேர்கிற பையனுக்கு முதல் பாடமே அரத்தால் ராவுவதுதான். இரும்புத் துண்டைச் சமமாகவும் சதுரமாகவும் ராவக் கை பழகிய பிறகுதான் மற்றதெல்லாம். வீட்டுக்கு 10 இஞ்ச் அரைவட்ட அரம் ஒன்று போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கத் தேவையில்லை. காயலாங்கடையில் கிடைக்கும் பழைய ஸ்பேனரையும் ஒதுக்காதீர்கள். எழுத்து உலோகத்திலேயே புடைத்திருக்கிறதா, வாய் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து எண்ணெய் தடவினால் துரு கழன்றுவிடும். மிச்சத்துக்கு எமரித்தாள். அந்த எமரித்தாளுக்கும் நம்மூர்த் தொடர்பு உண்டு: அதைச் செய்யும் நிறுவனங்களில் ஒன்றான, 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலுக்குத் திருவொற்றியூரில் ஆலை உண்டு.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகை

நம் பக்கத்தில் தனி கராஜ் உள்ள வீடுகள் குறைவு. வண்டி நிற்கிற மாடிப்படிக்கு அடியிலான இடம்தான் நமக்கு கராஜ். நான் அங்கே செய்ததைச் சொல்கிறேன்.

நாலடிக்கு மூன்றடியில் முக்கால் இஞ்ச் பிளைவுட். சாதாரண பலகை ஈரத்தில் உப்பிப் பிரியும்; ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் தாங்கும். பலகையைச் சுவரோடு ஒட்டவைக்காதீர்கள். கடலோரச் சுவர்களில் ஓதம் ஏறும். பின்னால் ஒரு இஞ்ச் கனக் கட்டைகள் கொடுத்தால் இடையில் காற்று போகும். பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் இருக்கட்டும். உங்கள் தெருவில் வெள்ளம் எதுவரை வந்தது என்பது உங்களுக்குத் தெரியும், அதற்கும் மேலே. மின்மீட்டரை மறைக்காதீர்கள்.

அடுத்து, கருவிகளையெல்லாம் பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் அடுக்கிப் பார்த்தேன். தினம் எடுப்பது நெஞ்சுக்கு நேரே. கனமான பைப் ரிஞ்சும் சுத்தியலும் கீழ்வரிசையில், கை வழுக்கினால் காலில் விழாதபடி ஓரமாக. ஸ்பேனர்கள் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக, ஆணிக்கு ஒன்று. ஒரே ஆணியில் இரண்டு மாட்டினால் பின்னால் இருப்பது மறுபடியும் கண்ணுக்கு மறைந்த கருவிதான். அரங்களுக்கு இடைவெளி விட்டேன்; அரத்தின் பல் கடினமானது, ஒன்றோடு ஒன்று உரசினால் உடையும். இடம் முடிவானதும் ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்து, கறுப்பு பெயின்டால் நிரப்பினேன். மொத்தம் 22 உருவங்கள்.

டிரில் மெஷினும் சாக்கெட் செட்டும் மட்டும் மூடிபோட்ட பெட்டியில், மேல்தட்டில் இருக்கின்றன. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டிருக்கிறேன். அவையும் ஒரு அளவுக்குத்தான் ஈரம் குடிக்கும். மழைக்காலத்தில் மாற்ற வேண்டும்.

ஒரு நாள் பூஜை போதாது

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் வட சென்னையின் பட்டறைத் தெருக்களில் நடந்து பாருங்கள். எல்லாக் கருவியும் வெளியே வந்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் வைத்து அடுக்குவார்கள். வருஷத்தில் ஒரு நாள் ஒவ்வொரு கருவியும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. எது தேய்ந்திருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்று அன்று தெரிந்துவிடுகிறது. பலகையில் மாட்டிய கருவிகளோ ஒவ்வொரு நாளும் அப்படி நிற்கின்றன.

காசிமேட்டில் இதே பழக்கத்தின் இன்னொரு வடிவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைப் பழுதுபார்க்கிற பருவம் அது. எஞ்சின் மெக்கானிக்கிலிருந்து மரப்படகின் இடுக்கை அடைக்கிற கலப்பத்து வேலைக்காரர் வரை எல்லோருக்கும் வேலை இருக்கும். உப்புத்தண்ணீரிலேயே பிழைப்பு நடத்துகிறவர்கள், இரும்பு தாங்கும் வரை காத்திருப்பதில்லை. காலக்கெடு வைத்துத் திறந்து பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு இவ்வளவு போதும். எடுத்த கருவியைத் துடைத்துத்தான் மாட்ட வேண்டும். வாரம் ஒரு முறை தையல் மெஷின் எண்ணெய் தோய்த்த துணியால் ஒரு ஓட்டு. சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியை ஒட்டவைக்கும். டபிள்யூடி-40 என்ற பெயரில் டபிள்யூவும் டியும் நீரை விரட்டுவதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். 40 என்பது நாற்பதாவது முயற்சியில் கைகூடிய கலவை என்பதற்காக. நனைந்த கருவியிலிருந்து ஈரத்தை விரட்டவும் இறுகியதைத் தளர்த்தவும் அது நல்லது. அதற்குப் பிறகு எண்ணெய் ஒரு பூச்சு வேண்டும். அரத்துக்கு மட்டும் எண்ணெய் தடவாதீர்கள், வழுக்கும். சாக்பீஸ் தேய்த்துவைத்தால் பல்லிடுக்கில் தூள் அடையாது.

டிரங்குப் பெட்டியில் இருந்த கருவிகளில் நான்கைத்தான் மீட்க முடிந்தது. அதில் பைப் ரிஞ்சும் ஒன்று. கீழ்வரிசையில் வலது ஓரத்தில் அதை மாட்டியிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, கரண்ட் போயிருந்த நேரம் மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாயின் யூனியன் கழன்று தண்ணீர் பீய்ச்சியது. நான் போனைத் தேடி டார்ச் போடுவதற்குள் அப்பா மாடிப்படிக்கு அடியில் இருந்தார். இருட்டில் பலகை மேல் அவர் கை ஓடுகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி ரிஞ்ச் கையில் இருந்தது. இரண்டு திருகு, தண்ணீர் நின்றது.

“எப்படிப்பா கண்டுபிடிச்சே?” என்றேன்.

“கை அங்கதானேடா போவும்” என்றார். பிறகு லுங்கி நுனியால் ரிஞ்சைத் துடைத்து, இருட்டிலேயே ஆணியைத் தடவிப் பார்த்து, திரும்ப மாட்டினார்.