பெக் பாட்டியைத் திட்டாத அயர்லாந்துக்காரர் உண்டா?

அயர்லாந்தில் ஐம்பது வயதைத் தாண்டிய நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சுற்றிவளைத்துப் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கும். அங்கே வந்துவிட்டால் ‘பெக்’ என்ற பெயர் வராமல் போகாது. ஒருவர் முகத்தைச் சுளிப்பார். இன்னொருவர் விழுந்து விழுந்து சிரிப்பார். மூன்றாமவர் மட்டும், ‘‘இப்ப எடுத்துப் படிச்சா நல்லாத்தான்யா இருக்கு’’ என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார்.

பெக் சேயர்ஸ் என்பது ஒரு பாட்டியின் பெயர். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாழ்க்கைக் கதைதான் ‘பெக்’. அயர்லாந்தின் பல தலைமுறை மாணவர்கள் பரீட்சைக்காக உருப்போட்ட ஐரிஷ் மொழிப் பாடநூல்.

ஐரிஷ் என்றால் ஆங்கிலத்தையே கொஞ்சம் இழுத்துப் பேசுவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அது தனி மொழி, ஆங்கிலத்தைவிடப் பழைய இலக்கியம் உள்ள மொழி. ஆங்கிலேய ஆட்சி, 1840-களின் பெரும்பஞ்சம், கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குப் போன கூட்டம் எல்லாம் சேர்ந்து அதை மேற்குக் கடற்கரையோரத்துக்கு ஒதுக்கிவிட்டன. 1922-ல் சுதந்திர அரசு அமைந்ததும், ‘மொழியை மீட்க வேண்டும்’ என்று அந்தப் பாரத்தைப் பள்ளிக்கூடத்தின் தலையில் இறக்கிவைத்தார்கள். நம் பிளஸ் டூ மாதிரியான ‘லீவிங் சர்ட்டிபிகேட்’ தேர்வில், 1973 வரை ஐரிஷில் ஃபெயில் என்றால் மொத்தத் தேர்விலும் ஃபெயில். கணக்கில் புலியாக இருந்தாலும் தப்ப முடியாது. அரசாங்க வேலைக்கும் ஐரிஷ் வேண்டும்.

இந்த பயத்தோடுதான் அந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தார்கள்.

ஆரம்பப் பள்ளி நினைவுகள் அத்தனை கசப்பில்லை. படித்த எல்லாவற்றையும் மறந்தவருக்கும் ஒரே ஒரு ஐரிஷ் வாக்கியம் மறக்காது: ‘டாய்லெட்டுக்குப் போக எனக்கு அனுமதி உண்டா?’ வகுப்பில் அதை ஐரிஷில் கேட்டால்தான் டீச்சர் வெளியே விடுவார். அவசரத்தில் கற்றது அவ்வளவு சீக்கிரம் மறக்குமா!

அடுத்தது எழுத்து. 1960-கள் வரை ஐரிஷ் புத்தகங்கள் தனி அச்செழுத்தில் வந்தன. பழைய ஓலைப்படி எழுத்தைப் போல வளைவும் நெளிவுமாக, சில எழுத்துகளின் தலையில் ஒரு புள்ளியோடு இருக்கும். அரசு சாதாரண ரோமன் எழுத்துக்கு மாற முடிவெடுத்ததும் புள்ளி போய், அதன் இடத்தில் ‘ஹெச்’ வந்து உட்கார்ந்தது. மாற்றம் நடந்த ஆண்டுகளில் படித்தவர்கள் பாவம். அண்ணன் படித்த புத்தகத்தில் ஒரு எழுத்து, தம்பியின் புத்தகத்தில் வேறு எழுத்து!

புத்தகங்கள் கைமாறி வருவது அங்கும் வழக்கம்தான். சுவரில் ஒட்டும் அலங்காரக் காகிதத்தில் மிச்சம் மீதியை வெட்டி அட்டை போடுவார்கள். உள்ளே வரிக்கு வரி பென்சிலில் ஆங்கில அர்த்தம். பாட்டியின் படம் அகப்பட்டால் மீசையும் கண்ணாடியும் வரையாத பையன் அபூர்வம்.

மூன்று பேரில் மாப்பிள்ளை யார்?

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் புத்தகத்தில்?

1873-ல் கெர்ரி மாவட்டத்தின் டன்குவின் பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் பெக். சின்ன வயதிலேயே டிங்கிள் ஊருக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். நெருங்கிய தோழி ஒருத்தி அமெரிக்கா போனாள். ‘டிக்கெட்டுக்குப் பணம் அனுப்புகிறேன், வந்துவிடு’ என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கே அவளுக்கு விபத்து. பணம் வரவில்லை. பெக்கின் அமெரிக்கக் கனவும் அத்தோடு சரி.

பிறகு கல்யாணப் பேச்சு. ஒரு ராத்திரி மூன்று ஆண்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூவரில் யார் மாப்பிள்ளை என்றே பெண்ணுக்குத் தெரியாது! அப்பா சரி என்றார், மகளும் சரி என்றார். இருபது வயதுகூட ஆகவில்லை. படகில் ஏறி, கணவனின் ஊரான கிரேட் பிளாஸ்கெட் தீவுக்குப் போனார். கடையில்லை, டாக்டர் இல்லை, சர்ச்சுகூட இல்லை. கடல் கொந்தளித்தால் நாள்கணக்கில் கரையோடு தொடர்பே இருக்காது.

அங்கேதான் பிள்ளைகளைப் பெற்றார், சிலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். 1920-ல் மகன் தோமாஸ் செங்குத்தான பாறையிலிருந்து விழுந்து இறந்தான். சிதைந்த தலையைத் தன் கையாலேயே கழுவிச் சீராக்கினார் அந்தத் தாய். மிச்சப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள்.

பதினாறு வயதில் இதைப் படித்தவனுக்கு, ‘மழை, சாவு, ஒப்பாரி, மறுபடி மழை’ என்றுதான் தோன்றியது. டப்ளின் நகரத்தில் பாப் பாட்டு கேட்டு வளர்ந்தவன் அவன். அதிலும் கடினமான வட்டார மொழி; அகராதி இல்லாமல் அரைப்பக்கம் நகராது. நாற்பது வயதில், ஒரு பிள்ளையையாவது பெற்ற பிறகு படிப்பவருக்கு, மகனின் தலையைக் கழுவும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது சுலபமில்லை. ஆக, குற்றம் புத்தகத்தில் இல்லை. அதை யார் கையில் எந்த வயதில் கொடுத்தார்கள் என்பதில்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பெக்குக்கு ஐரிஷ் எழுதத் தெரியாது. அவர் சொல்ல, அமெரிக்கா போய்த் திரும்பிய மகன் மைக்கேல் எழுதினார். டப்ளினைச் சேர்ந்த மாரா நீ கின்னேடி என்ற பெண்மணி பதிப்பித்தார். புத்தகம் 1936-ல் வந்தது. பிறகு பள்ளிப் பதிப்புக்காக மறுபடியும் கத்தரி விழுந்தது. நேரில் பெக் வேறு மாதிரி. புகைக் குழாயும் கையுமாகக் கணப்படுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, குறும்பும் கிண்டலுமாகப் பேசி ஆட்களைக் கட்டிப்போடுகிறவர். கல்வித் துறைக்கோ பக்தியும் பொறுமையும் நிறைந்த ஒரு பாட்டி தேவைப்பட்டார். மாணவர்களுக்குக் கிடைத்தது அந்தப் பாட்டிதான்.

சிரிக்கவைத்தவர்களும் உண்டு

ஐரிஷ் பாடம் என்றாலே அழுகைதான் என்று சொன்னால் ஜிமீன் கோபித்துக்கொள்வான். 1921-ல் வந்த ‘ஜிமீன்’, வாலில்லாக் குரங்கான ஒரு கிராமத்துப் பையன் தானே சொல்லும் கதை. அதை மட்டும் பிள்ளைகள் பரீட்சையை மறந்து சிரித்துப் படித்தார்கள்.

ஏழைத் தீவுக் கதைகளைக் கேலி செய்த பெரியவரும் உண்டு. 1941-லேயே ஃப்ளான் ஓ பிரையன், வேறொரு புனைபெயரில் ஐரிஷிலேயே ஒரு நையாண்டி நாவல் எழுதினார். அதில் மழை நிற்காது. மூன்று வேளையும் உருளைக்கிழங்கு. இத்தனைக்கும் பிளாஸ்கெட் எழுத்துகளை வெறுத்தவரல்ல அவர். தோமாஸ் ஓ க்ரிஹன் 1929-ல் எழுதிய ‘தீவுக்காரன்’ நூலின் மேல் பெரிய மதிப்பு வைத்திருந்தார்.

1990-களின் நடுவில் ‘பெக்’ பாடத்திட்டத்திலிருந்து விடைபெற்றது. அந்த இடத்துக்கு, அதே மேற்கு கெர்ரியைச் சேர்ந்த மைக் டேனீன் ஓ ஷே எழுதிய தன்வரலாறு வந்தது. லண்டன், சிகாகோ, இசை, வேலை, ஊர் சுற்றல் என்று அது வேறு காற்று. மாணவர்கள் மூச்சுவிட்டார்கள்.

ஆனாலும் கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘ஐரிஷ் பேசத் தெரியும்’ என்றவர்கள் சுமார் 18.7 லட்சம் பேர். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர்தான். பள்ளிக்கூடம் மொழியைத் தெரியவைத்தது. வீட்டுக்குள் கொண்டுவர அதனால் முடியவில்லை.

பிளாஸ்கெட் தீவில் இப்போது குடும்பங்கள் இல்லை. ஆள் குறைந்து குறைந்து, 1953-ல் அரசே மிச்சமிருந்தவர்களைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டது. பெக் அதற்கு முன்பே கரைக்குத் திரும்பியிருந்தார். 1958 டிசம்பரில் இறந்த அவரை டன்குவினில் அடக்கம் செய்தார்கள்.

அவரிடமிருந்து நாட்டுப்புறவியல் ஆணையத்துக்காக ஷோசவ் ஓ டாலி என்பவர் எழுதி எடுத்த கதைகள் மட்டும் சுமார் 350. பேய்க் கதை, வீரர் கதை, சாமி கதை என்று எல்லா ரகமும் உண்டு. எதுவும் பள்ளிப் புத்தகத்துக்கு வரவில்லை. வானொலிக்காக 1947-ல் அவர் பேசிய பதிவுகள் 2009-ல் ஒலித்தட்டுகளோடு புத்தகமாக வந்தன. அச்சில் மட்டுமே பெக்கைத் தெரிந்துவைத்திருந்தவர்கள், பள்ளியை விட்டு எத்தனையோ வருடம் கழித்து, அன்றுதான் அவர் குரலைக் கேட்டார்கள்.