பீரங்கிக் குண்டை விழுங்கிய மண்சுவர், தெரியுமா?

குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு பஜ்ஜிக் கடை ஓரம் நிற்கும்போது முகத்தில் வந்து அடிக்கிறதே ஒரு சாரல், அது ஒரு பெரிய மதிலின் இடைவெளி வழியாக நுழைந்து வருகிறது, தெரியுமா? மேற்குத் தொடர்ச்சி மலைதான் அந்த மதில்! தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை அது கேரளப் பக்கமே நிறுத்திக்கொள்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. ஜூன் பிறந்ததும் அந்த வழியே காற்றும் தூறலும் புகுந்துவிடும். மற்ற பல மாவட்டங்கள் வெயிலில் காயும்போது தென்காசியில் சீசன் களைகட்டுவது இதனால்தான்.

காற்று நுழையும் வழியில் படையும் நுழையும் அல்லவா? அதனால் மலை விட்ட இடத்தில் அரசர்கள் கல்லையும் மண்ணையும் வைத்து மதிலை முடித்தார்கள். அருவியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் செங்கோட்டையிலேயே திருவிதாங்கூரின் சங்கு முத்திரை பொறித்த வளைவு நிற்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. இன்றைக்குப் பேருந்தில் கண்ணை மூடித் திறப்பதற்குள் அதைத் தாண்டிவிடுகிறோம்!

இன்னும் தெற்கே போனால் ஆச்சரியம் கூடுகிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில், மலைத்தொடர் முடியப்போகும் இடத்தில் இன்னொரு வாசல் இருக்கிறது: ஆரல்வாய்மொழி. முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுற்றுகின்றனவே, அவற்றைச் சுற்றவைப்பது இந்தக் கணவாய்க் காற்று. குற்றாலத்தில் சாரலாக வருவதும் இங்கே மின்சாரமாக மாறுவதும் ஒரே காற்றுதான்! இந்த வாசலை அடைக்கத்தான் திருவிதாங்கூர் ஒரு தற்காப்பு மதிலை எழுப்பியது. அது மலையடியிலிருந்து கடலோரத்து வட்டக்கோட்டை வரை நீண்ட காவல் வரிசை.

திருவிதாங்கூரின் கோட்டைகளைப் பலப்படுத்தியவர் யார் தெரியுமா? அவர்களோடு போரிட வந்து தோற்றவர்! 1741இல் குளச்சல் போரில் டச்சுப் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. அதன் பிறகு அவர் பக்கம் சேர்ந்த டச்சுக் கம்பெனி அதிகாரி யூஸ்டேஷியஸ் டி லனாய், திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி தந்து ‘வலிய கப்பித்தான்’ ஆனார். உதயகிரியும் வட்டக்கோட்டையும் அவர் கைபட்டு உறுதியானவை. 1777இல் இறந்த அவரை உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது.

வட்டக்கோட்டை இன்று புதுப்பிக்கப்பட்டு அழகாக நிற்கிறது. குடும்பத்தோடு போகலாம், கடலைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். அதே காவல் வரிசையின் மலைப்பக்கத்து மிச்சங்களோ துண்டு துண்டாகச் சிதைந்து கிடக்கின்றன. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சிதைந்த பக்கத்தைத்தான். முழுச் சுவர் தன் முகத்தை மட்டும் காட்டும். இடிந்த சுவரில் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும்: வெளிப்பக்கத்துக் கல் வரிசை, நடுவே கொட்டி நிரப்பிய மண்ணும் சல்லியும், அவற்றைப் பிடித்துவைத்த சுண்ணாம்பு. கட்டியவர்கள் எங்கே கவனமாக இருந்தார்கள், எங்கே அவசரப்பட்டார்கள் என்பதைக்கூட அங்கே கண்ணால் பார்த்துவிடலாம்!

இந்த மதில் எப்படி விழுந்தது தெரியுமா? சுவரை உடைத்து அல்ல! 1809இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து எழுந்தபோது, ஆரல்வாய்மொழியின் எதிரே கர்னல் செயின்ட் லெஜரின் கம்பெனிப் படை வந்து இறங்கியது. பிப்ரவரி 10ஆம் தேதி விடிவதற்குள் மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ் ஒரு சிறு படையோடு, யாரும் ஏற முடியாது என்று நம்பியிருந்த தெற்கு மலைச்சரிவில் இருட்டிலேயே ஏறி, மதிலுக்கு மேலே போய் நின்றுவிட்டார். முன்னால் வரும் எதிரியைத் தடுக்கக் கட்டியது அந்தச் சுவர். தலைக்கு மேலே வந்தவனை அது என்ன செய்யும்?

இந்த வெல்ஷ் பெயரைப் பிடித்துக்கொண்டு எட்டு வருடம் பின்னால் போனால் இன்னொரு சுவர் வருகிறது. அதுதான் பாஞ்சாலங்குறிச்சி!

அதன் பாளையக்காரர் கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்ட பிறகு கம்பெனி அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்கியது. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். சில நாட்களுக்குள், ஆமாம், சில நாட்களுக்குள், கோட்டை மறுபடியும் எழுந்து நின்றது! திரும்பி வந்த கம்பெனிப் படை அதைக் கண்டு திகைத்துப்போனது. அந்தப் படையில் இருந்தவர்தான் வெல்ஷ். அவர் எழுதிவைத்த குறிப்பின்படி கோட்டை பெரியதே அல்ல. இரண்டு பக்கம் சுமார் 500 அடி, மற்ற இரண்டு பக்கம் சுமார் 300 அடி. முழுக்க முழுக்க மண். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி.

இவ்வளவுதானே என்று மார்ச் 31ஆம் தேதி பீரங்கிகளால் சுட்டுவிட்டுப் பாய்ந்தார்கள். தோற்றுத் திரும்பினார்கள்! கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் வந்துசேர்ந்த பிறகு, மே 24ஆம் தேதிதான் கோட்டைக்குள் நுழைய முடிந்தது.

மண்சுவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? கல்லில் குண்டு பட்டால் கல் விரிசல் விடும், சிதறும், விரிசல் பக்கத்துக் கல்லுக்கும் ஓடும். இறுகிய, ஒட்டும் தன்மையுள்ள மண்ணில் பட்டால் குண்டு புதைந்துபோகும். பட்ட இடத்தில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தையும் இருட்டியதும் கூடை மண்ணால் அடைத்துவிடலாம்.

இந்த வித்தை தென்காசிப் பக்கத்துக்கு இன்னும் பழையது. பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் இன்றைய தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. 1755இல் கர்னல் ஹெரான் பீரங்கிகளோடு நெற்கட்டும்செவலுக்கு வந்தும் பிடிக்க முடியாமல் திரும்பினார். 1767இல் கர்னல் டொனால்ட் காம்ப்பெல் வாசுதேவநல்லூரைத் தாக்கியபோது, குண்டு உடைத்த இடத்தையெல்லாம் உள்ளே இருந்தவர்கள் பனைமரத்தையும் வைக்கோலையும் போட்டு அடைத்தார்கள், குண்டுமழைக்கு நடுவிலேயே! எதிரியே வியந்து எழுதிய வீரம் அது. அந்தப் பனையை வெட்டிச் சுமந்து வந்து உடைப்பில் வைத்த கைகளுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. அதை நினைக்கும்போது மனசு கனக்கிறது.

மண்ணோடு தாவரத்தைச் சேர்ப்பது உலகம் முழுக்கத் தெரிந்த வித்தை. சீனப் பெருஞ்சுவர் முழுக்கச் செங்கல் என்று நினைக்கிறோம் இல்லையா? மேற்கே கான்சு பாலைவனத்தில் ஹான் பேரரசு கட்டிய பகுதிகள் மண்ணும் சரளையும் நாணலும் மாற்றி மாற்றி அடுக்கியவை. இரண்டாயிரம் வருடம் கடந்தும், எந்தப் பூச்சும் இல்லாமல், நாணல் அடுக்குகள் வெளியே தெரிய இன்றும் நிற்கின்றன!

பாஞ்சாலங்குறிச்சி மண்ணுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1801இல் கோட்டையை இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்று அந்த வட்டாரம் இன்றும் சொல்கிறது. பாளையக்காரர்கள் இனிக் கோட்டையே வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் கம்பெனி உத்தரவு போட்டது. நெல்லைச் சீமையில் பழைய மண்கோட்டைகள் கண்ணில் படாததற்குக் காலமும் மழையும் மட்டும் காரணம் அல்ல. திட்டம் போட்டு அழித்தார்கள்.

இன்று பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்கள் 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படித் திரும்பாதீர்கள்! பக்கத்திலேயே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் பழைய கோட்டையின் அடித்தள மிச்சங்கள் கிடக்கின்றன. ஊமைத்துரை ஆட்கள் மிதித்த மண் அது.

எப்போது போகலாம்? காலை வெயில் சாய்வாக விழும்போதோ, மாலை இறங்கும்போதோ போங்கள். உச்சி வெயிலில் வெறும் தரையாகத் தெரியும் இடத்தில், சாய்ந்த வெளிச்சம் ஓரடி மேட்டுக்குக்கூட நீள நிழல் போட்டுச் சுவர் ஓடிய தடத்தைக் காட்டிக்கொடுக்கும். தொல்லியலாளர்கள் விமானத்திலிருந்து புதைந்த கட்டடங்களைத் தேடும்போது இந்த நிழலும் ஒரு தடயம்தான்! மேட்டின் மேல் ஏறாதீர்கள். நாம் வைக்கும் ஒவ்வொரு காலடியும் மழைத்தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக்கொடுக்கிறது. ஒரு செங்கல் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் கட்டத் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஏறாத கோட்டைமேடுகளுக்கோ பக்கத்தில் குடியிருப்பவர்களும் பார்க்கப் போகும் நாமும்தான் காவல்.